கார் கைமாறும்போது போனஸ் யாருக்கு?

பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதிய கார் எடுக்கப் போகிறவர்கள் ஷோரூம் மேசையில் எதையும் விட்டுவைப்பதில்லை. பழைய வண்டிக்கு என்ன விலை, எக்ஸ்சேஞ்ச் சலுகை எவ்வளவு, சீட் கவர் இலவசமா, ஃபாஸ்டேக் யார் செலவு என்று ஐந்நூறு ரூபாய்க்குக்கூட இழுபறி நடக்கும். அந்தப் பேச்சில் பெரும்பாலும் வராத ஒன்று உண்டு. பழைய காரின் இன்சூரன்ஸ் பாலிசியில் நாலைந்து ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் ‘நோ கிளெய்ம் போனஸ்’, சுருக்கமாக என்சிபி. விபத்தில்லாமல் வண்டி ஓட்டியவர் ஆண்டு ஆண்டாகச் சேர்த்த சலுகை அது. கேட்டு வாங்கினால் புதிய காரின் பிரீமியத்தில் பல ஆயிரம் ரூபாய் குறையும். கேட்காமல் விட்டால் யாரும் தேடி வந்து தரமாட்டார்கள்.

கணக்கு எளிதானது. 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப், இந்தச் சலுகைக்கு ஒரு படிக்கட்டை வகுத்தது. முதல் ஆண்டு கிளெய்ம் இல்லாமல் கழிந்தால் 20 சதவீதம். அடுத்தடுத்த ஆண்டுகளில் 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் ஆண்டு முடிவில் 50 சதவீதத்தில் நிற்கும். அதற்கு முந்தைய டாரிஃபில் 55, 65 சதவீதம் வரை எட்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஒரு கிளெய்ம் போடும் வரை அதை வைத்துக்கொள்ளலாம் என்று புதிய விதி இடம் விட்டது. 2007 ஜனவரியில் விலை நிர்ணயம் கம்பெனிகளின் கைக்குப் போனது. ஆனாலும் போனஸ் படிக்கட்டும், அதைச் சுற்றியுள்ள விதிகளும் இன்றும் பாலிசிகளில் பெரும்பாலும் அந்த 2002 வார்த்தைகளிலேயே தொடர்கின்றன. படி ஏற ஐந்தாண்டு ஆகும். இறங்க ஒரே கிளெய்ம் போதும். தவறு யாருடையது என்ற கேள்வியே கிடையாது. நிறுத்தியிருந்த காரை எவரோ இடித்திருந்தாலும், வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலும், சொந்தப் பாலிசியில் பணம் வாங்கினால் அடுத்த ஆண்டு பூஜ்யம்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கார் பாலிசி ஒரே தாளில் இருந்தாலும் அதற்குள் இரண்டு காப்பீடுகள் இருக்கின்றன. பிறருக்கு நேரும் இழப்புக்கான தேர்ட் பார்ட்டி ஒன்று. சொந்த வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்குமான ஓன் டேமேஜ் மற்றொன்று. தேர்ட் பார்ட்டி கட்டணத்தை அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் அறிவிப்பின்படி 1000 முதல் 1500 சிசி வரையிலான சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். அதில் போனஸுக்கு இடமில்லை. என்சிபி கழிக்கப்படுவது ஓன் டேமேஜ் பகுதியில் மட்டும்.

அந்த ஓன் டேமேஜ் பிரீமியம் காரின் மதிப்பை, அதாவது ஐடிவியை ஒட்டியே ஏறி இறங்குகிறது. போனஸின் உண்மையான பெறுமானம் இங்கேதான் தெரியும். சென்னையில் பதிவான, ஏழு வயதான, 1200 சிசி கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐடிவி 3 லட்சம். பழைய டாரிஃப் விகிதமான 3.447 சதவீதத்தில் ஓன் டேமேஜ் பிரீமியம் 10,341 ரூபாய் வரும். இன்று எந்தக் கம்பெனியும் முழு டாரிஃப் வாங்குவதில்லை என்பதால் 40 சதவீதம் தள்ளுபடி என்று வைத்துக்கொண்டால் சுமார் 6,205 ரூபாய். அதில் 50 சதவீத போனஸ் என்றால் மிச்சம் 3,100 ரூபாய்ச் சொச்சம்.

அதே மனிதர் அதே சிசியில் 10 லட்சம் மதிப்புள்ள புதிய கார் வாங்குகிறார். விகிதம் 3.283 சதவீதம், பிரீமியம் 32,830. அதே 40 சதவீதத் தள்ளுபடிக்குப் பிறகு 19,698. இப்போது அதே 50 சதவீத போனஸ் மிச்சப்படுத்துவது 9,849 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியும் அதற்கேற்பக் குறையும் என்பதால் கையில் நிற்பது 11,600 ரூபாய்க்கு மேல். பழைய காரில் இருந்தபோது மூவாயிரமாக இருந்த உரிமை, கார் மாறும் அந்த நாளில் மூன்று மடங்காகிவிடுகிறது. போனஸ் மிக அதிகம் பெறுமானம் பெறும் நாளும், அது மிக எளிதாகத் தவறிப்போகும் நாளும் ஒன்றே.

தவறிப்போவதற்குக் காரணம், பழைய பாலிசி யாருடன் போகிறது என்பதில் உள்ள குழப்பம்.

பிரிட்டனில் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே காப்பீடு ஆளைச் சேர்ந்தது. காரை விற்றவர் தன் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, அதே பாலிசியில் பழைய காரை எடுத்துவிட்டுப் புதிய காரைச் சேர்த்துக்கொள்ளலாம். பிரீமிய வித்தியாசமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் ஒரு நிர்வாகக் கட்டணமும் கட்டினால் போதும். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளின் எண்ணிக்கை அறுபடாமல் ஓடும். வாங்கியவர் தனக்கான காப்பீட்டைத் தானே எடுத்த பிறகுதான் காரைச் சாலையில் இறக்க முடியும்.

இந்தியாவில் பாலிசி நடுவாந்திரத்தில் பிளந்துவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 157-ஆம் பிரிவு, கார் கைமாறிய தேதியிலிருந்து தேர்ட் பார்ட்டி காப்பீடு வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டதாகவே கருத வேண்டும் என்கிறது. சாலையில் அடிபடும் மூன்றாம் மனிதருக்கு இழப்பீடு கிடைக்காமல் போகக்கூடாது என்ற நல்ல நோக்கம் அது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் ஓன் டேமேஜ் பகுதி தானாக மாறாது. வாங்கியவர் கேட்க வேண்டும், விற்றவர் சம்மதிக்க வேண்டும், புதிய புரபோசல் படிவம் நிரப்ப வேண்டும். போனஸோ மாறவே மாறாது. டாரிஃபின் 27-ஆம் விதி இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறது: சலுகை பாலிசி எடுத்தவரைத் தொடரும், வண்டியையோ பாலிசியையோ தொடராது.

ஆக, ஒரு கார் விற்கப்படும்போது தேர்ட் பார்ட்டி காருடன் போகிறது, போனஸ் மனிதருடன் போகிறது, ஓன் டேமேஜ் இரண்டுக்கும் நடுவே யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் ‘கார் கன்சல்டிங்’ கடைகளில் ‘இன்சூரன்ஸ் லைவ்ல இருக்கு சார், இன்னும் எட்டு மாசம்’ என்று சொல்லும்போது சொல்லப்படுவது பாதி உண்மைதான். உயிரோடு இருப்பது தேர்ட் பார்ட்டி மட்டும்.

இந்தப் பாதி உண்மையை நம்பியவர்களுக்கு என்ன ஆகும் என்பதை 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் என்ற நிறுவனம் ஒரு காரை வாங்கியது. ஆர்சி அதன் பெயருக்கு மாறியது, பாலிசி மாறவில்லை. விபத்தில் கார் சேதமானபோது நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் பணம் தர மறுத்தது. 157-ஆம் பிரிவின் பாதுகாப்பு மூன்றாம் நபருக்கு மட்டுமே, சொந்த வண்டியின் சேதத்துக்கு அந்தப் பிரிவைக் காட்ட முடியாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இன்றைக்கும் இந்த வகை வழக்குகளில் அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது.

இதில் வருத்தம் தருவது, தப்பிக்க ஆகும் செலவு எவ்வளவு சிறியது என்பதுதான். மேலே பார்த்த ஏழு வயதுக் காரையே ஆறு மாதப் பாலிசி மிச்சத்தோடு ஒருவர் வாங்குவதாகக் கொள்வோம். பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றும்போது, விற்றவருக்குக் கிடைத்த 50 சதவீதச் சலுகை அவருக்குக் கிடைக்காது. அவருக்கென்று போனஸ் ஏதும் இல்லையென்றால் மிச்ச காலத்துக்கான வித்தியாசத்தைக் கம்பெனி வசூலிக்கும். இதை ‘என்சிபி ரெக்கவரி’ என்பார்கள். அது 1,551 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் 1,830. இந்தத் தொகையைக் கட்டாததால், அல்லது கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லாததால், 3 லட்ச ரூபாய் வண்டிக்கான காப்பீடே இல்லாமல் போகிறது.

விற்றவர் பக்கம் வருவோம். பாலிசி நடுவில் கார் மாற்றுகிறவருக்கு டாரிஃப் ஒரு நேரடி வழியைத் தந்திருக்கிறது. அதே வகை வண்டியாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியிலேயே பழைய காருக்குப் பதில் புதிய காரைப் போட்டு, மிச்ச நாட்களுக்கான பிரீமிய வித்தியாசத்தைக் கட்டித் தொடரலாம். விற்ற கார் காப்பீடு இல்லாமல் விடப்படவில்லை என்பதற்குச் சான்று தர வேண்டும். இந்த வழியின் நன்மை வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை: பாலிசி ஆண்டு அறுபடுவதில்லை. பன்னிரண்டு மாதம் முடியும்போது அடுத்த படி கிடைக்கும்.

செகண்ட் ஹேண்ட் காரிலிருந்து இன்னொரு செகண்ட் ஹேண்ட் காருக்கு மாறுகிறவர்களுக்கு இது பொருந்தும். புத்தம் புதிய கார் என்றால் நடைமுறையில் இது கைகொடுப்பதில்லை. அதற்குக் காரணமான உத்தரவுக்குப் பின்னால் ஒரு கோயம்புத்தூர்க்காரர் இருக்கிறார். கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளில் சிதைந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். சாலைப் பாதுகாப்பு பற்றிய அந்த வழக்கில் எழுந்த பல கேள்விகளில் ஒன்று, முதல் ஆண்டுக்குப் பிறகு காப்பீட்டைப் புதுப்பிக்காமலே ஓடும் வண்டிகள். 2018 ஜூலையில் வந்த உத்தரவின்படி, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டு, புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டு தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயமானது. ஓன் டேமேஜைத் தனிப் பாலிசியாக எடுக்கும் வசதி 2019 செப்டம்பரில் வந்தது.

எனவே புதிய கார் எடுப்பவர் எப்படியும் புதுப் பாலிசிதான் எடுப்பார். பழைய பாலிசியிலிருந்து போனஸைப் பிரித்துக் கொண்டுவர அவருக்கு ஒரு கடிதம் வேண்டும். என்சிபி ரிசர்விங் லெட்டர், என்சிபி சர்ட்டிபிகேட், ரிடென்ஷன் லெட்டர் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் சொல்வார்கள், பொருள் ஒன்றே. விற்ற ஆதாரமாகப் பெயர் மாறிய ஆர்சியின் நகலோ, படிவம் 29, 30-இன் நகலும் டெலிவரி நோட்டும் சேர்த்தோ கொடுத்து, பாலிசியை மாற்றவோ ஓன் டேமேஜை ரத்து செய்யவோ எழுதிக் கேட்டால் கடிதம் தருவார்கள். எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரத்து செய்வதிலும் இப்போது முன்பிருந்த சிக்கல் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட தலைமைச் சுற்றறிக்கைப்படி, ஓராண்டுப் பாலிசியில் கிளெய்ம் ஏதும் போடாத வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து, மிச்ச நாட்களுக்கான பிரீமியத்தைத் திரும்பப் பெறலாம். தேர்ட் பார்ட்டியை மட்டும் அப்படி நினைத்தபடி அறுத்துவிட முடியாது. அந்தக் காருக்கு வேறு காப்பீடு இருப்பதைக் காட்ட வேண்டும்.

கடிதத்தில் எந்த விகிதம் இருக்கும்? பலர் ஏமாறும் இடம் இது. போனஸ் பன்னிரண்டு மாதம் முழுதாக முடிந்த பிறகே ஒரு படி ஏறும். நடப்புப் பாலிசியில் 35 சதவீதம் அச்சாகியிருந்து, ஆண்டு முடிய மூன்று வாரம் இருக்கும்போது கார் கைமாறினால், கையில் கிடைப்பது 35தான். பதினொன்றேகால் மாதம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியது கணக்கில் வராது. மூன்று வாரம் பொறுத்து விற்றிருந்தால் 45. மேலே சொன்ன 10 லட்ச ரூபாய் காரில் அந்தப் பத்து சதவீதத்தின் மதிப்பு 1,970 ரூபாய். விற்கும் தேதியைத் தள்ளிப்போட இது மட்டும் போதுமான காரணமா என்பது அவரவர் சூழ்நிலை. ஆனால் தெரிந்து முடிவெடுப்பது வேறு, தெரியாமல் இழப்பது வேறு.

உடனே மாற்றுக் கார் வாங்காதவர்களுக்கும் வாசல் அடைபடுவதில்லை. வண்டியை விற்றுவிட்டு, முந்தைய காப்பீடு முடிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் புதிய காப்பீடு எடுத்தால் பழைய விகிதம் செல்லும். வண்டியை விற்காமல் வைத்துக்கொண்டு புதுப்பிக்க மறந்தவர்களுக்குத் தரப்படும் அவகாசமோ வெறும் 90 நாள்.

போனஸ் யாருடையது என்ற விதியிலிருந்து, யாருடையது அல்ல என்பதும் பிறக்கிறது. நம் ஊரில் முதல் கார் கணவர் பெயரிலும் இரண்டாவது கார் மனைவி பெயரிலும் வாங்கப்படுவது சாதாரணம். வரி, கடன், ராசி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கணவரின் 50 சதவீதம் மனைவியின் காருக்கு வராது. ஒரே வீடு, ஒரே ஓட்டுநர், ஒரே நிறுத்துமிடம் என்றாலும் வராது. பாலிசிதாரர் இறந்து, வண்டி துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ போகும்போது மட்டும் போனஸும் கூடவே போகிறது. அப்பாவின் காரை வைத்துக்கொள்கிற குடும்பங்கள் படிவம் 31 கொடுத்து ஆர்சியை மாற்றுவதோடு நின்றுவிடுகின்றன. காப்பீட்டுக் கம்பெனியிடம் போனஸ் தொடர்ச்சியைக் கேட்கலாம் என்பது துக்க வீட்டில் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

அலுவலகம் ஒதுக்கிய காரை வேலைக்காலம் முழுக்கத் தானே ஓட்டி, பிறகு அதையே விலைக்கு வாங்கிக்கொள்பவர்களுக்கு இன்னொரு சலுகை உண்டு. அந்தக் காலத்தில் வண்டி முழுக்க முழுக்க இவரிடமே இருந்தது என்று நிறுவனம் கடிதம் கொடுத்தால், நிறுவனத்தின் பெயரில் சேர்ந்த போனஸ் ஊழியருக்கு வரும். வேலையை விட்டுப் போகும் அவசரத்தில் மனிதவளத் துறையிடம் கேட்டு வாங்கும் தாள்களோடு இதையும் சேர்த்துக் கேட்கலாம்.

வகை மாறக்கூடாது என்பதும் விதி. பைக்கில் சேர்ந்தது காருக்கு ஆகாது. மஞ்சள் போர்டு டாக்சியில் சேர்ந்தது ஓன் போர்டு காருக்கு ஆகாது. பெட்ரோல் காரிலிருந்து மின்சாரக் காருக்கு மாறினால் இரண்டும் சொந்தக் கார்களே என்பதால் தடையில்லை.

வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கும் இந்த விதியில் ஒரு வரி இருக்கிறது. அங்கே ஈட்டிய போனஸுக்குச் சான்று காட்டி, அந்தப் பாலிசி முடிந்த மூன்றாண்டுக்குள் இந்தியாவில் காப்பீடு எடுத்தால் அதை ஏற்கலாம். சிங்கப்பூரில் படிக்கட்டு 10, 20, 30, 40, 50 என்று போகிறது. அங்கே ஒரு கிளெய்ம் போட்டால் 50-லிருந்து 20-க்கு இறக்குவார்கள், பூஜ்யத்துக்கு அல்ல. மலேசியாவில் 25-இல் தொடங்கி 30, 38.33, 45 என்று ஏறி 55 சதவீதத்தில் முடிகிறது. பத்தாண்டு சிங்கப்பூரில் வண்டி ஓட்டிவிட்டுத் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ வீடு கட்டிக் குடியேறும் ஒருவர், முதல் காரைப் பூஜ்ய போனஸோடு எடுக்க வேண்டியதில்லை. அங்கிருந்து கிளம்பும் முன் கம்பெனியிடம் ஒரு சான்றிதழ் வாங்கி வந்தால் போதும்.

இவ்வளவு நேரம் பேசியது இழக்கும் பணம். இனி பேச வேண்டியது அதைவிட ஆபத்தானது: இல்லாத போனஸைக் காட்டுவது.

பழைய கார் இன்னும் விலை போகவில்லை; புதிய காரின் டெலிவரி நாள் வந்துவிட்டது. ஷோரூமில் பாலிசி போடுகிறவர் பழைய பாலிசியின் நகலை வாங்கிக்கொண்டு, 50 சதவீதம் கழித்துப் புதுப் பாலிசியை அச்சடித்துவிடுகிறார். பழைய காரிலும் அதே போனஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அல்லது, போன ஆண்டு பம்பருக்காக ஒரு சிறு கிளெய்ம் போட்டதை மறந்து, ‘கிளெய்ம் இல்லை’ என்ற கட்டத்தில் கையெழுத்து விழுந்துவிடுகிறது. அந்தக் கையெழுத்துக்கு மேலே ஓர் உறுதிமொழி இருக்கும். கோரிய போனஸ் விகிதம் சரியானது, தவறென்று தெரிந்தால் பாலிசியின் முதல் பகுதியின் பலன்கள் அனைத்தும் பறிபோவதற்குச் சம்மதம் என்பது அதன் சாரம். முதல் பகுதி என்பது ஓன் டேமேஜ். ஒன்பதாயிரம் ரூபாய்ச் சலுகைக்காகப் பத்து லட்ச ரூபாய்க் காரின் காப்பீடு பணயமாகிறது.

விதி கம்பெனியையும் சும்மா விடவில்லை. இப்படி உறுதிமொழியின் பேரில் போனஸ் கொடுத்த கம்பெனி, 21 நாட்களுக்குள் முந்தைய கம்பெனிக்கு எழுதிக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். முந்தைய கம்பெனி 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். பிரீமியம் வாங்கும்போது சரிபார்க்காமல் இருந்துவிட்டு, விபத்து நடந்த பிறகு மட்டும் பழைய கோப்பைத் தோண்டி எடுக்கும் வழக்கம் நுகர்வோர் ஆணையங்களின் முன் பலமுறை வந்திருக்கிறது. தீர்ப்புகள் ஒரே தடத்தில் போகவில்லை. தவறான அறிவிப்பு ஒப்பந்தத்தின் அடித்தளத்தையே உடைக்கிறது என்று முழுக் கிளெய்மையும் மறுத்ததை ஏற்றவை உண்டு. 21 நாள் கடமையைக் கம்பெனி செய்யவில்லை என்பதற்காக, ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரச் சொன்னவையும் உண்டு. இரண்டாவது நிலைப்பாடுதான் நியாயத்துக்கு நெருக்கமானது. சரிபார்க்கும் வசதியும் கடமையும் உள்ள தரப்பு அதைச் செய்யாமல் இருந்ததன் விலையை, படிவத்தைப் படிக்க நேரம் தரப்படாத தரப்பு மட்டும் சுமக்கக்கூடாது. ஆனால் எந்த அமர்வு எந்த வழியில் போகும் என்று நம்பி யாரும் கையெழுத்துப் போட முடியாது.

விற்பவருக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. நிரப்பாத படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கன்சல்டிங் கடையில் கொடுத்துவிட்டு, பணம் வந்ததும் காரை மறந்துவிடுவது நம் ஊர் வழக்கம். வண்டி இரண்டு மூன்று கை மாறியும் ஆர்சியில் பழைய பெயரே இருக்கும். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவான விடை சொன்னது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். காரை எப்போதோ கைமாற்றிவிட்டாலும் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே. அந்த வழக்கில் கார் அடுத்தடுத்துப் பல கைகள் மாறியிருந்தது. போனஸ் கடிதத்துக்காக ஆர்சி மாற்றத்தைத் துரத்துகிறவர், தன்னை அறியாமலே இந்தப் பெரிய ஆபத்திலிருந்தும் விலகிக்கொள்கிறார். 2023 ஏப்ரல் முதல், பதிவு பெற்ற பழைய கார் டீலரிடம் வண்டியை ஒப்படைத்து அதை இணையதளத்தில் தெரிவித்துவிட்டால், விற்கப்படும் வரை அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்ற விதியும் வந்திருக்கிறது. அனுமதி பெற்ற டீலரா என்று கேட்கும் பழக்கம்தான் இன்னும் வர வேண்டும்.

போனஸைக் காப்பது என்பது கார் மாற்றும் நாளுக்கு முன்பே தொடங்குகிறது. 50 சதவீதத்தில் நிற்கும் ஒருவர் கதவுக் கீறலுக்கு ஏழாயிரம் ரூபாய் கிளெய்ம் போடலாமா? போனஸுக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய் என்று கொண்டால், கிளெய்ம் போட்ட பிறகு ஐந்து ஆண்டுகளுக்குக் கிடைப்பது 0, 20, 25, 35, 45. ஒவ்வோர் ஆண்டும் 50-உடன் ஒப்பிட்டு இழப்பைக் கூட்டினால் 125 சதவீதம், அதாவது 12,500 ரூபாய். ஐடிவி ஆண்டுதோறும் இறங்குவதால் உண்மைத் தொகை சற்றுக் குறையும். அதற்குள் புதிய கார் வாங்கும் எண்ணம் இருந்தாலோ பல மடங்கு கூடும், ஏனென்றால் இழந்த சதவீதம் இப்போது பெரிய பிரீமியத்தில் விழுகிறது. ஏழாயிரத்தைக் கைக்காசில் செலவழிப்பதே லாபம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எஞ்சின் வரை மூழ்கிய கார்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே செலவு லட்சங்களில், கிளெய்ம் போடாமல் தீராது. அப்படிப்பட்ட ஆண்டிலும் படியைக் காக்க ‘என்சிபி புரொடெக்ட்’ என்ற துணைக் காப்பீட்டைக் கம்பெனிகள் விற்கின்றன. ஆண்டுக்கு எத்தனை கிளெய்ம் வரை செல்லும் என்ற வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

இத்தனை விதிகள் இருந்தும் சலுகை கைநழுவுவதற்குக் காரணம், அதை நினைவூட்டுவதில் யாருக்கும் ஆதாயமில்லை என்பதே. பழைய கம்பெனிக்குப் போகிற வாடிக்கையாளர் மேல் அக்கறை இல்லை. புதிய கம்பெனிக்குப் போனஸ் என்பது குறைந்த பிரீமியம். ஷோரூமில் பிரீமியம் குறைந்தால் அவர்கள் பங்கும் குறையும். ஷோரூம் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக்கூடாது என 2017-லேயே ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்திருக்கிறது. ஆனால் டெலிவரிக்கு முந்தைய நாள் மாலையில் அந்த விதியை எடுத்துப் பேசத் தெம்புள்ளவர்கள் சிலரே.

இதைச் சரிசெய்யப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. ஆர்சியில் பெயர் எந்த நாளில் மாறியது என்பது வாகன் தரவுத்தளத்தில் இருக்கிறது. பாலிசி விவரங்களும் கிளெய்ம் விவரங்களும் ஐதராபாத்தில் உள்ள இன்சூரன்ஸ் தகவல் மையத்தில் சேர்கின்றன. இரண்டையும் இணைத்தால், கார் ஒருவர் பெயரிலிருந்து நீங்கியதும் அவருடைய போனஸ் விகிதத்தைச் சொல்லும் கடிதம் அவர் கேட்காமலேயே அவருக்குப் போய்ச் சேரும். வாங்கியவருக்கும் அதே நாளில், ஓன் டேமேஜ் இன்னும் மாறவில்லை, இத்தனை ரூபாய் கட்டினால் மாறும் என்று ஒரு குறுஞ்செய்தி போகலாம். கம்பெனிக்குக் கம்பெனி 30 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று 2002-இல் எழுதிய விதியை, வாடிக்கையாளருக்கும் அதே 30 நாளில் கடிதம் தர வேண்டும் என்று நீட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். அதுவரை, எழுதிக் கேட்டும் ஒரு மாதத்தில் கடிதம் வராதவர்கள் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.